ஒட்டுப்பாலைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள கிராணி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு டின் காலியாகி மூன்று மாதமாகிறது. பதில் எழுதவில்லை என்று திட்டியிருப்பாய், இன்னும் கொஞ்சம் திட்டிக்கொள். இங்கே சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை.

விஷயம் இதுதான். நம் கூட்டாளி ஒட்டுப்பாலுக்கு மாரடைப்பு. பதறாதே, வீடு திரும்பிவிட்டான். ஈப்போவில் வார்டில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். அதே வாய்! "என்னடா, மாலை வாங்காம வந்துட்டியா?" என்றான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தாதி, தண்ணீர் ஏறும் பையைச் சரிசெய்ய அவன் தலைக்கு மேலே கையைத் தூக்கினாள். கிராணி, 62 வயது மனுஷன் சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அது எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கமிருந்து அவன் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் கோலியை அப்படியே போட்டுவிட்டு லயத்துக்குப் பின்னால் ஓடுவானே. கால்சட்டை நனைந்திருக்கும். ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பால் மாதிரி நாறுகிறான் என்று அந்தப் பெயரை வைத்தவன் நீ. பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பியவன் நான். பெரியவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? "பெத்தவன் அடிக்கிறான்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். தோட்டத்து வேலையை மேய்க்கும் தண்டல் ஒருமுறை அதட்டினார், அடுத்த சம்பளம் வரை தாங்கியது. இன்றைக்கு 2001-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இருக்கிறது, கூப்பிட 15999 என்ற உதவி எண் இருக்கிறது. அன்றைக்கு நமக்கு இருந்தது தண்டல்தான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். கிளினிக்கிலிருந்து வந்தால் எனக்கு வகுப்பெடுப்பது அவள் வழக்கம். அமெரிக்காவில் சான் டியேகோ என்ற ஊரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் உடல் எடை குறைக்கும் கிளினிக் நடத்தினாராம். நன்றாக இளைத்து வந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று விசாரித்தால், பலர் சின்ன வயதில் சீரழிக்கப்பட்டவர்கள். அப்புறம் ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து 17,000 பேருக்கு மேல் விசாரித்தார். முதல் அறிக்கை 1998-இல் வந்தது. அடி, வசவு, கவனிப்பாரில்லாமை, குடிகார வீடு, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது என்று மொத்தம் பத்து வகை. நாலோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களிடம் குடியும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு. இதய நோயும் கூடுதல்.

நான் விடுவேனா? "வெள்ளைக்காரனுக்கு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு" என்றேன். "அவங்கள்லாம் பெரும்பாலும் படிச்சு, வேலையில இருந்து, காப்புறுதியும் வச்சிருந்தவங்கப்பா. லயத்துப் பிள்ளைங்க இல்ல" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். இது ஜாதகம் இல்லை, தனி ஆளுக்கு இதைவைத்துப் பலன் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். பயத்திலேயே வளர்ந்த பிள்ளையின் உடம்பு, அடி நின்ற பிறகும் காவலுக்கு நிற்குமாம். தோட்டத்தை விற்ற பிறகும் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே நம் காவல்கார ஜாகா, அவர் ஞாபகம் வந்தது.

அடி வாங்கினவன் அடிப்பான் என்பார்கள். இவன் பிள்ளைகள் மேல் விரல்கூட வைத்ததில்லை, அதைப் பெருமையாகவே சொல்வான். வார்டு வராந்தாவில் அவன் மகள் சொன்னாள்: "அடிச்சதில்ல மாமா. தூக்குனதும் இல்ல." கையிலிருந்த மைலோ எனக்கு இறங்கவில்லை.

கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: "ஆயாக்கொட்டகை ஆயா இருக்காங்களா?" உன் பெரியம்மாதானே! அவன் அம்மா விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுக்கப் போனதும் இவனை மடியில் போட்டுக்கொள்வார்களே. நாம் அதற்கும் சிரித்தோம். அப்படி ஒரு ஆள் கிடைத்தாலே பிள்ளைக்குப் பெரிய பலம் என்கிறாள் மகள்.

பெரியம்மா இன்னும் குளுவாங்கில் மகன் வீட்டில்தானா? ஆள் அடையாளம் தெரிகிறதா? கேட்டு எழுது. டாக்டர் சரி என்றதும் நானே காரில் கூட்டி வருகிறேன், வழியில் உன் வீட்டில் பசியாறல். ஒன்று மட்டும்: அவனை அந்தப் பெயரில் கூப்பிடாதே. நானும் விட்டுவிடப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்திலேயே முடியவில்லை, பார்.

உன்
கட்டை