பலியின் இரத்தம் எதற்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோபங்கொண்ட கடவுளைத் தணிக்கவா உங்கள் வேதத்தில் இத்தனை இரத்தம் என்று, பெரிய வெள்ளி நெருங்கும்போது திருகோணமலையில் சைவ அயலவர்கள் கேட்பதுண்டு. நம்மவரில் பலர் ஆமென்று தலையாட்டிவிடுவதுதான் வருத்தம்.

மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது, வேதாகமத்தில் பலிமுறைகளைச் சொல்லும் நூலான லேவியராகமம் 17:11. ஆகையால்தான் அதை உண்பது விலக்கப்பட்டு, பலிபீடத்துக்கே உரியதாக்கப்பட்டது. 16ஆம் அதிகாரத்தில், பாவநிவிர்த்தி நாளன்று பிரதான ஆசாரியன் காளையின் இரத்தத்தைத் தன் விரலினால் கிருபாசனத்தின்மேல் (உடன்படிக்கைப் பெட்டியின் மூடி) தெளித்து, அதற்கு முன்பாக ஏழு தரம் தெளித்து, வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தையும் அவ்வாறே செய்தபின் வெளியே வந்து பலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறான். மக்களின் தீட்டுப் படிந்த பரிசுத்த ஸ்தலமே அங்கு சுத்திகரிக்கப்படுகிறது. மக்கள்மீது ஒரு துளியும் தெளிக்கப்படுவதில்லை.

புறாவுக்கும் வழியற்ற ஏழைக்கோ, எண்ணெயும் தூபவர்க்கமும் சேராத, எப்பா என்னும் தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவே பாவநிவாரண பலியாகப் போதும் (லேவியராகமம் 5:11). இரத்தஞ்சிந்துதல் இல்லாமல் மன்னிப்பில்லை என்று எபிரெயர் 9:22ஐ முழங்கும் பிரசங்கிகள், அதே வசனத்தின் முற்பகுதி ‘கொஞ்சங்குறைய எல்லாம்’ இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்றே பேசுவதைச் சொல்வதில்லை (நேரம் போதாமை காரணமாக இருக்கலாம்!). தவக்கால வகுப்புகளிலாவது இவ்வதிகாரங்களை முழுமையாக வாசிக்கச் செய்யுமாறு திருச்சபைகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.