பாதிரியாரும் பனியுகமும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், குளிர்தான் விடமாட்டேன் என்கிறது.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பனியுகம்! சிரிக்காதே. ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் ஹூகோ ஓபர்மையர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, 1951-ல் தொடங்கியது. கற்கால மனிதனையும் அவன் வாழ்ந்த பனியுகச் சூழலையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. வருஷா வருஷம் ஈஸ்டரை ஒட்டி ஏதாவது ஓர் ஊரில் கூடுகிறார்கள், கட்டுரை வாசித்தோம் கலைந்தோம் என்றில்லாமல் பக்கத்தில் இருக்கும் குகை, அகழ்வுக்குழி என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. கல்லாயுதத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து என்ன தெரியும், சொல்? அது கிடந்த அடுக்கு காற்று கொண்டுவந்து கொட்டிய புழுதியா, உறைபனியில் குகைக் கூரை வெடித்து உதிர்ந்த சல்லியா, கூடக் கிடந்தது துருவ மான் எலும்பா, மம்மூத் என்ற ரோமம் அடர்ந்த பழைய யானையின் எலும்பா என்று பார்த்தால்தான் அதைச் செய்தவன் எந்தக் குளிரில் நின்றான் என்று தெரியும்.

ஓபர்மையர் கதையைக் கேள். 1877-ல் ரெகன்ஸ்பர்க்கில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். ஆல்ப்ஸ் பனியாறுகள் நான்கு முறை பெருகி வடிந்தன என்று வகுத்த புவியியலாளர் பென்க்கிடம் வியன்னாவில் படித்தவர், அதனால் மனிதனைத் தேடும்போதும் பனியாற்றை மறக்கவில்லை. 1908-ல் ஆஸ்திரியாவின் வில்லன்டார்ஃபில் அந்தப் புகழ்பெற்ற 11 சென்டிமீட்டர் பெண் சிலை கிடைத்ததே, அந்த அகழ்வை நடத்திய மூவரில் இவரும் ஒருவர் (மண்ணிலிருந்து எடுத்தது என்னவோ ஒரு கூலித் தொழிலாளி, பெயர் வாங்கியது படித்தவர்கள், எல்லா ஊரிலும் இதுதானே). அப்புறம் பாரிஸில் இருந்த மனிதத் தொல்லுயிரியல் நிறுவனத்துக்காக வட ஸ்பெயினில் எல் காஸ்டியோ குகையைத் தோண்டினார். அந்தக் குகைச் சுவரில் உள்ள ஒரு சிவப்பு வட்டத்துக்குக் குறைந்தது 40,800 வயது என்று 2012-ல் கணக்கிட்டார்கள். அவர் காலத்தில் அதை அளக்க வழியே இல்லை. 1914-ல் போர் வந்தது, ஜெர்மானியர் என்பதால் பாரிஸ் வேலை போயிற்று. ஸ்பெயினிலேயே தங்கி மாட்ரிட்டில் பேராசிரியர் ஆனார், குடியுரிமையும் வாங்கினார், 1936-ல் உள்நாட்டுப் போர் வந்து அதையும் கெடுத்தது. கடைசியில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க்கில் வேலை, 1946-ல் அங்கேயே இறந்தார். பனியுகத்தையே அளந்த மனுஷனுக்கு ஒரே ஊரில் நிம்மதியாக உட்காரக் கொடுத்துவைக்கவில்லை.

சங்கத்தின் ஆண்டிதழ் ‘குவார்ட்டேர்’, 1938-லேயே தொடங்கியது, சங்கத்தைவிட மூத்தது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், ஆங்கிலக் கட்டுரைகளும் உண்டு. ஜெர்மனியில் உள்ள ஆல்ட்மூல் பள்ளத்தாக்கில் கிஸெலா ஃப்ராய்ண்ட் வருஷக்கணக்காகத் தோண்டிய ஸெஸ்ஸல்ஃபெல்ஸ் குகையைப் பற்றித் தேடிப் படித்துப் பார். நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் சிசு ஒன்றின் எலும்புகள் கிடைத்த இடம் அது.

அடுத்த ஈஸ்டருக்கு வருகிறாயா? ஆல்ட்மூல் பக்கம் போய்ச் சுற்றலாம். வருவதானால் விசாவுக்கு இப்போதே எழுதிப் போடு, கடைசி நேரத்தில் என்னைத் தொந்தரவு பண்ணாதே.

அன்புடன்,
ரகு