‘விசுவாசம் போதவில்லை’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெபம் கேட்கப்படாமல் போனால் அதற்குக் காரணம் ஜெபித்தவரின் விசுவாசக் குறைவே என்று உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வெளியானது. அது ‘கேட்பதைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள், அது உண்டாகும்’ என்ற பொருளுள்ள மாற்கு 11:24ஐ எடுத்துக் காட்டியது. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைத் தொடவே இல்லை.

அந்த அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். சில வசனங்கள் தள்ளி, பேதுரு சிறையிலிருந்து தூதனால் விடுவிக்கப்படுகிறார். ஒரே ஏரோது ராஜா, ஒரே சபை. பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே, அவர் வாசலில் வந்து நிற்கிறார் என்று ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிவந்து சொன்னபோது, ‘நீ பிதற்றுகிறாய்’ என்றார்கள். அவர்கள் நம்பாத பதில் அவர்களுக்குக் கிடைத்தது. யாக்கோபு இறந்தது யாருடைய விசுவாசக் குறைவால் என்று அந்த நூலை எழுதிய லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பவுல் தன் சரீரத்தின் முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில் வந்தது. எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய அதே பவுல், தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியுள்ளவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4:20இல் எழுதுகிறார். கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றுமுறை ஜெபித்தும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. அங்கே குறைந்தது யாருடைய விசுவாசம்?

ஜெபத்துக்குத் தடைகள் உண்டென்று வேதம் சொல்லாமல் இல்லை. தகாதவிதமாய்க் கேட்பதை யாக்கோபு 4:3 கண்டிக்கிறது. மனைவியை மதிக்காத கணவனின் ஜெபம் தடைபடும் என்கிறது 1 பேதுரு 3:7. (இந்த இரண்டாவது வசனம் உபவாசக் கூட்டங்களில் அதிகம் காதில் விழுவதில்லை.) ஆனால் இது அவரவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஒருமுறை அமைதியாக உட்கார்ந்து, தெரிந்த பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். நாள்தோறும் மனதைக் கிண்டிக்கொண்டே இருப்பவர் கடைசியில் இல்லாத பாவத்தையும் கண்டுபிடிப்பார். அதையே அடுத்தவர் மேல் சாட்டினால், ‘உன் துன்பத்துக்கு உன் பாவமே காரணம்’ என்று யோபிடம் சொன்ன அவன் சிநேகிதர் இருந்த இடத்தில் நிற்கிறோம். யோபு 42:7இல் தேவகோபம் மூண்டது அவர்கள்மேல். கேள்வி கேட்டுக் கதறிய யோபுதான் நிதானமாய்ப் பேசினான் என்கிறார் ஆண்டவர்.

சரி, பதில் வராத காலத்தில் எப்படித்தான் ஜெபிப்பது? 13ஆம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்குமுறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பமும் அதற்கான காரணமும். கடைசி இரண்டில் நம்பிக்கையும் பாட்டும். ஒரு தாளில் இந்த மூன்று பகுதிகளையும் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். முதல் பகுதியில் குறை யாரைப் பற்றியதோ அவரிடமே சொல்ல வேண்டும்: ‘நீர் மறந்துவிட்டீர் போலிருக்கிறது’ என்று தாவீது தேவனிடமே முறையிடுகிறார், தேவனைப் பற்றி ஊராரிடம் அல்ல. இரண்டாம் பகுதியில் கேட்பது குறிப்பாக இருக்கட்டும். ‘ஆசீர்வதியும்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வந்ததா வரவில்லையா என்பதே தெரியாது.

பெரும்பாலோர் தடுமாறுவது முதல் பகுதியில். புலம்பினால் அவிசுவாசம் ஆகிவிடும் என்று பயந்து நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுகிறார்கள். வாய் ஸ்தோத்திரம் சொல்கிறது, உள்ளே கசப்பு ஊறுகிறது. சில மாதங்களில் ஜெபமே நின்றுபோகிறது. கடைசிப் பகுதி எழுத வரவில்லையென்றால் எழுதாமல் விடுங்கள். 88ஆம் சங்கீதம் அப்படித்தான், துதிக்குத் திரும்பாமலேயே இருளில் முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் முதல் வசனத்தைக் கவனியுங்கள்: இரவும் பகலும் கூப்பிடுவதாக அந்த மனிதர் சொல்கிறார். பேச்சு அறவில்லை.

அதற்கும் தெம்பில்லாத நாட்களில் ஜெபத்தைச் சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள். காலையும் இரவும் கர்த்தருடைய ஜெபம் ஒருமுறை, மெதுவாக. நடுவில் மாற்கு 9:24: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் என்ற கத்தோலிக்கத் துறவி ஜெபத்தில் மனம் வறண்ட காலத்துக்குச் சொன்ன இரண்டு அறிவுரைகள் எந்தச் சபையாருக்கும் பயன்படும். மனம் இருண்டிருக்கும்போது முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது ஒன்று. ஜெபத்துக்குக் குறித்த நேரத்தில் எழுந்து ஓடத் தோன்றினால் இன்னும் சற்றுக் கூடுதலாக இரு என்பது மற்றது. சபையை விட்டுவிடலாமா, ஊழியத்தை உதறலாமா என்ற முடிவுகளை இந்த நாட்களில் எடுக்காமல் இருப்பதே பாதி வெற்றி. உணர்ச்சி திரும்பாவிட்டாலும் விசுவாசம் நிற்கும். 1997இல் மறைந்த அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் உள்ளே இருளோடுதான் ஜெபித்தும் உழைத்தும் வந்தார் என்பது உலகுக்குத் தெரிந்தது.

சில பழக்கங்கள் நிலைமையை மோசமாக்கும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை வாக்குத்தத்தமாக எடுப்பது, பதில் வரும்வரை சாப்பிட மாட்டேன் என்று உபவாசத்தைத் தேவனுக்கு எதிரான போராட்டமாக்குவது, நிறைவேற்ற முடியாத பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்வது. எல்லாவற்றிலும் ஆபத்தானது, விசுவாசத்தைக் காட்டுவதற்காக மருந்தை நிறுத்துவது. எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வாக்களிக்கப்பட்ட பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை அவருடைய பிளவையின் (கட்டியின்) மேல் வைக்கச் சொன்னார். தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், அது ஆவிக்குரிய வறட்சி மட்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கமும் அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டுமுறை.

கேட்ட காரியம் இனி நடக்கவே வழியில்லை என்றாகிவிட்டவர்களுக்கு 2 சாமுவேல் 12. பிள்ளைக்காகத் தாவீது தரையில் கிடந்து உபவாசித்தார். ஏழாம் நாளில் பிள்ளை இறந்தது. அவர் எழுந்து, குளித்து, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, பிறகு சாப்பிட்டார். அந்த வரிசையை அப்படியே பின்பற்றலாம். துக்கம் தீர்ந்துவிட்டது என்று நடிக்கத் தேவையில்லை. பிள்ளையின் தாய் பத்சேபாளுக்கு ஆறுதல் சொல்லும் வேலை அதற்குப் பிறகும் அவருக்கு இருந்தது.

துன்பத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. யோபின் சிநேகிதர் ஏழுநாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்பதை ரோமர் 8:28இலிருந்து எடுத்து முதல் நாளே நீட்டாதீர்கள். ‘உங்களால் இப்போது ஜெபிக்க முடியாவிட்டால் நாங்கள் செய்கிறோம்’ என்று சொல்லி, உண்மையிலேயே செய்யுங்கள். திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நாலுபேர் விஷயத்தில் இயேசு பார்த்தது ‘அவர்கள் விசுவாசத்தை’ என்று மாற்கு 2:5 சொல்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. உங்கள் சாட்சிப் பகுதியில் சுகம் பெற்றவர்களும் வேலை கிடைத்தவர்களும் மட்டுமே எழுதுகிறார்கள். கேட்டது இன்னும் கிடைக்காமல், ஆனாலும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருகிறவர்களின் கடிதத்தையும், முடிவு என்ன ஆயிற்று என்று கேட்காமல், அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்