விழிப்பாக இருந்துதான் 2,062 ரூபாய் கட்டினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் மின் ஒழுங்குமுறை ஆணையம் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வீட்டு நுகர்வோருக்குச் சட்டத்தில் எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது, அவர்கள்தான் விழிப்பாக இல்லை என்று முடித்திருந்தீர்கள். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரி என்னைப் புண்படுத்தியது என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் மீட்டரின் வெள்ளை அட்டையை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 2023 ஏப்ரல் 10-ல் ரீடிங் எடுத்தார்கள். அடுத்து ஜூன் 10 வாக்கில் வர வேண்டும். அன்று காலை நானே மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்தேன்: ஏப்ரலிலிருந்து 468 யூனிட் ஓடியிருந்தது. 16-ம் தேதிதான் வந்தார்கள். 514 ஆகிவிட்டது.

500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தாண்டிய யூனிட்டோடு போகாது; அப்போது 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்ததும் 4.50 ஆகிவிட்டது. 2022 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி அப்போது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 468-க்கு 1,533 கட்ட வேண்டிய நான் 2,062 கட்டினேன். ரீடிங் எடுக்கும் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஆள் எத்தனை தெரு அலைவார்? ஆனால் ஆள் இல்லாததற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "ரீடிங் சரியாத்தானேம்மா இருக்கு" என்றார்கள். காலண்டர் தாளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

மாதம்தோறும் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. சொன்னதை நம்பியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு வருடம் கழித்து வந்த இந்த பில்லும் இரண்டு மாதக் கணக்குதான்.

மின் நுகர்வோர் புகாரை விசாரிக்கக் குறைதீர் மன்றம் இருக்கிறதே என்பீர்கள். 2003 மின்சாரச் சட்டப்படி அமைத்ததுதான். ஆனால் எங்கள் மின்வட்டத்தில், அதாவது எங்கள் பகுதிக்கான மின்வாரியப் பிரிவில், அதற்குத் தலைவர் யார்? அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளரேதான். யார் மேல் புகாரோ அவர்களின் மேலதிகாரியிடமே நியாயம் கேட்க வேண்டும். அங்கே தீராவிட்டால் சென்னையில் இருக்கும் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. கூடக் கட்டிய 529 ரூபாய்க்காக இந்த வயதில் நான் எத்தனை படி ஏறுவது?

2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கட்டண உயர்வு பற்றி ஆணையம் கருத்துக் கேட்டது. செப்டம்பர் 9-ல் உயர்த்தி ஆணை வந்துவிட்டது. ஆலைக்காரர்கள் வக்கீல் வைத்துப் பேசுவார்கள். நுகர்வோர் சார்பில் வாதாட ஒருவரை ஆணையமே அமர்த்தலாம் என்று அதே சட்டத்தின் 94-ம் பிரிவு சொல்கிறது. வீட்டு நுகர்வோருக்கென்று அப்படி ஒருவரை நிரந்தரமாக வைத்தால் என்ன?

2019 மழையில் எங்கள் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து வோல்டேஜ் எகிறியது. எல்லா விளக்கும் பளீரென்று வெளுத்து எரிந்தன, அப்புறம் கருகல் நாற்றம். ஃப்ரிட்ஜும் டிவியும் ஒன்றாகப் போயின. இரண்டு நாள் கரண்ட் இல்லை. மின்சாரம் குறித்த நேரத்தில் திரும்ப வராவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையம் 2004-லேயே விதி போட்டிருக்கிறதாம். அன்று அலைந்த என் கணவரிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் அது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தெரிந்துகொள்ளாதது அவர் தவறு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாவட்டவாரியாகக் குறைதீர் மன்றங்களின் முகவரியையும் மின்குறைதீர்ப்பாளர் முகவரியையும் ஒரு நாள், பெரிய எழுத்தில், கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி