ஐந்தாம் ஆண்டு பெற்றோர்களுக்கு: பிள்ளைங்க ஏன் கயிறும் டேப்புமா அலையுறாங்க?

வணக்கம் பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே (பாதி வீட்டுல ஹோம்வொர்க் பாக்குறதே நீங்கதானே).

கணக்குப் பாடத்துல பயிற்சி செய்யாம ஏன் ஒருத்தர ஒருத்தர் அளந்துக்கிட்டு இருக்காங்கன்னு சில பேர் வாட்ஸாப்ல கேட்டிருந்தீங்க. இப்ப விகிதம் ஓடுது, அதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்க எழுதுன அரசாங்கத் தேர்வு யூபிஎஸ்ஆர 2021லயே எடுத்துட்டாங்க, ஆனா பயிற்சித்தாள் மோகம் மட்டும் நம்மள விட்டுப் போகல.

வகுப்புல ஒரு கேள்வி கேட்டோம். 120 செ.மீ. உயரமான பிள்ளைக்கு பாதம் 18 செ.மீ., அப்போ 140 செ.மீ. உயரத்துக்கு சுமாரா எவ்வளவு? நிறைய பேர் 38னு எழுதிட்டாங்க, உயரம் 20 கூடுச்சாம், அதனால பாதமும் 20 கூடுமாம். 30 செ.மீ. ரூலர தரையில வச்சு, இதவிட நீளமா ஒரு கால் இருக்குமாடான்னு கேட்டதும்தான் ஒரே சிரிப்பு. 120ல 20ங்கிறது ஆறுல ஒரு பங்கு, அப்ப பாதமும் ஆறுல ஒரு பங்குதான் கூடும், அதாவது 3, ஆக 21. கூட்டல்லயே யோசிச்சுப் பழகுன பிள்ளைக்கு இத போர்ட்ல எத்தனை தடவ எழுதிப் போட்டாலும் ஏறாது, தன் கால தானே அளந்தா ஏறுது.

நமக்கு ஒண்ணும் இது புதுசு இல்ல. பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) பேன்ட் வாங்குறப்ப போட்டுப் பாக்க இடமில்லாம, பட்டன் போட்டு ரெண்டா மடிச்ச இடுப்புப் பட்டைய கழுத்துல சுத்திப் பாக்குறோமே, ரெண்டு முனையும் பிடரியில தொட்டா சைஸ் சரின்னு, அது என்ன? இடுப்பு கழுத்தப் போல ரெண்டு மடங்குங்கிற விகிதம்தான் (தொப்பை வச்சவங்களுக்கு வேலைக்கு ஆகாது, அது வேற கதை). எண் சாண் உடம்புன்னு சொல்றதும் அப்படித்தான், அவங்கவங்க சாணால அளந்தா சின்னவனுக்கும் கிட்டத்தட்ட எட்டு, அவன் அப்பாவுக்கும் கிட்டத்தட்ட எட்டு.

இந்த வார வேலை இதுதான். பிள்ளைய செவுத்துல குதிகால் ஒட்டி நிக்க வச்சு உயரத்துக்கு சரியா ஒரு கயிறு வெட்டுங்க, அத புருவத்துக்கு மேல தலையச் சுத்திப் பாருங்க, எத்தனை சுத்து வருதுன்னு எழுதி அனுப்புங்க. அப்புறம் உங்களுக்கும் ஒண்ணு. பெரியவங்களுக்கு மூணு சுத்து கிட்ட வரும், பிள்ளைங்களுக்கு ரெண்டரைய ஒட்டி. வீட்டுல கைக்குழந்தை இருந்தா கயிறெல்லாம் வேணாம், கிளினிக் புத்தகத்துல பொறந்தப்ப எடுத்த நீளமும் தலைச்சுற்றளவும் இருக்கும், பெரும்பாலும் 50, 35ன்னு பக்கத்துல, வகுத்தா ஒன்றரை கூட வராது. தலை முன்னாடியே பெருசா வந்துடுது, கை கால்தான் அப்புறமா நீளுது, அதனால விகிதம் எல்லா வயசுக்கும் ஒண்ணா இருக்காதுன்னு பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும், தயவுசெஞ்சு முன்னாடியே சொல்லிடாதீங்க லா.

எடை யாரும் எடுக்கப் போறதில்ல. குண்டு, குள்ளம்னு யாராச்சும் கிண்டல் பண்ணுனா நேரா என்கிட்ட சொல்லுங்க. அளக்கக் கூச்சப்படுற பிள்ளைங்க என்னை அளந்துக்கலாம், நான் ஒத்துக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாதத்த வரைய ஆளுக்கு ரெண்டு பழைய பேப்பர் கொடுத்து விடுங்க. நைட் ஷிப்ட்ல இருக்குறவங்க கயிறு வேலைய சனி ஞாயிறுல செஞ்சு திங்கக்கிழமை கொடுத்தாலும் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்