எட்டாவது பாட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். குளிர் தொடங்கியதும் முழங்கால் மட்டும் தன் வேலையைக் காட்டுகிறது. நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன செய்தி எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்குத் தெரிந்திருக்காது. சின்னவள் தன் சம்பளத்தில் இசைத்தட்டு போடும் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள், அம்மம்மாவிடம் பழைய தட்டுகள் இருக்குமா என்று கேட்கிறாள் என்றாய். அன்றிலிருந்து மாடி அறைக் கட்டிலில் தட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அறுபதுக்கு மேல் இருக்கின்றன. அதில் பத்தொன்பது ஒருவருடையவை. உனக்கும் அவரைத் தெரியும். நீ பட்டம் வாங்கிய நாளில் மேடையில் அவர்தான் இருந்தார்.

1996. யோர்க் பல்கலைக்கழகம். வேந்தர் அங்கியோடு அமர்ந்திருந்த அந்த அம்மையார் பாடகி ஜேனட் பேக்கர். 1991 முதல் 2004 வரை அவர்தான் அங்கே வேந்தர். உனக்கு அன்று அது ஒரு பெயர், அவ்வளவுதான். அப்பா எடுத்த படத்தில் உன் முகம் ஆடிப்போய்விட்டது என்று எத்தனை வருடம் குறைப்பட்டுக்கொண்டாய்! படப்பெட்டியின் குற்றம் அல்ல, பிள்ளை. அப்பாவின் கை நடுங்கியது. ஒரு சட்டத்துக்குள் நீயும் அவரும் இருந்தீர்கள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

எங்கள் வாழ்நாளில் அவரை நேரில் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அன்று அவர் பாடவில்லை. 1982 ஜூலையில் க்ளைண்ட்போர்ன் ஓபரா அரங்கில், குளூக் இசையமைத்த ஓபராவின் ஓர்ஃபியோவாக நின்று ஓபரா மேடையை முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு 49 வயதுகூட நிறையவில்லை. அதன்பிறகு பியானோவோடு பாடும் கச்சேரிகள் சில வருடம் நடந்தன. 1980களின் இறுதியில் அதையும் நிறுத்திவிட்டார். எனக்கு இரவுக் கடமை, அப்பாவுக்கு ரயில் பட்டறையில் முறைவேலை, நீயும் தம்பியும் சின்னப் பிள்ளைகள். கச்சேரிக்குப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்த ஜேனட் பேக்கர் முழுவதும் இந்தத் தட்டுகளில்தான் இருக்கிறார். அதனால்தான் இவற்றை ஏனோதானோ என்று பெட்டியில் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவரை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு நோயாளி. 1972இல் நான் டான்காஸ்டரில் புதிய தாதி. நெஞ்சில் நிலக்கரித் தூசி அடைத்துப் படுத்திருந்த வயதான சுரங்கத் தொழிலாளி ஒருவர், இரவில் தூக்கம் வராமல் சிறிய வானொலியைக் காதோடு வைத்துக் கேட்பார். ஒருநாள் அதை என்னிடம் நீட்டி, “எங்கள் ஊர்ப் பெண், கேள்” என்றார். பேக்கர் பிறந்த ஹட்ஃபீல்ட், டான்காஸ்டரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். சுரங்கச் சீமை அது. அவருடைய தகப்பனாரும் ஆண்கள் பாடற்குழுவில் பாடியவர். அன்று அந்த வானொலியில் என்ன பாட்டு வந்தது என்பது நினைவில்லை. அந்தக் குரலில் மட்டும் ஒன்று பிடிபட்டது. அவருடையது மெட்ஸோ சொப்ரானோ, அதாவது பெண்குரல்களில் மிக உயர்ந்த சொப்ரானோவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் குரல். உச்சியில் போய் மினுங்குவதைவிட நடு ஸ்தாயியில் நின்று பேசுவதுதான் அதன் பலம். அவர் பாடும்போது ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்வதுபோல இருந்தது. மொழி புரியாமலே அது கேட்டது.

அவருக்கு எல்லாம் எளிதாக வந்துவிடவில்லை. பத்து வயதில் அண்ணனை இழந்தார். வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்துகொண்டே பாட்டுப் பயின்று, 1953இல் லண்டன் போனார். அதே ஆண்டில்தான் புகழ்பெற்ற பாடகி கேத்லீன் ஃபெரியர் இறந்தார். அவரும் வடக்குப் பெண்தான், பிளாக்பர்னில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். அவர் பெயரில் வைத்த போட்டியில் 1956இல் பேக்கருக்கு இரண்டாம் பரிசு. அதே ஆண்டு பஸ் மோதி முதுகில் அடி. லண்டனில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹெலன் ஐசெப். 1938இல் வியன்னாவை விட்டுத் தப்பி வந்த குடும்பம். அந்த ஆசிரியையின் மகன் மார்ட்டின் ஐசெப்தான் பின்னாளில் பேக்கருக்குப் பல காலம் பியானோவில் பக்கவாத்தியம். இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஒரு யார்க்‌ஷயர் பெண்ணின் குரலுக்கு ஜெர்மன் பாட்டைக் கொடுத்தார்கள் என்பதில் அப்பாவுக்கு ஒரு பெருமை. தன் சொந்தக்காரர் செய்ததுபோலச் சொல்லுவார்.

இனித் தட்டுகளுக்கு வருகிறேன்.

நீலக் கடதாசி சுற்றியது உன்னுடையது. நான்கு வயதில் “கடல் பாட்டு போடுங்கோ” என்று காலைக் கட்டிக்கொண்டு நிற்பாய். இசையமைப்பாளர் எல்கர் எழுதிய ஐந்து கடற்பாடல்கள், 1965இல் பார்பிரோலி இசைக்குழுவை நடத்தியது. மறுபக்கம் எல்கரின் செல்லோ கொன்செர்ட்டோ, அதை வாசித்த ஜாக்குலின் டு ப்ரேக்கு அப்போது இருபது வயது. உலகம் அந்தத் தட்டை அந்தப் பக்கத்துக்காக வாங்கியது. எங்கள் வீட்டில் தேய்ந்தது கடற்பாட்டுப் பக்கம்தான்.

மாலர் தட்டு என்னுடையது. கவிஞர் ரூக்கர்ட்டின் ஐந்து கவிதைகளுக்கு மாலர் அமைத்த இசை, 1969இல் அதே பார்பிரோலியோடு பாடியது. அடுத்த ஆண்டு ஜூலையில் பார்பிரோலி இறந்துவிட்டார். இரவுக் கடமை முடிந்து வந்து, உங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரே ஒரு பாட்டைக் கேட்பேன். உலகத்துக்கு நான் காணாமல் போய்விட்டேன் என்று தொடங்கும் பாட்டு. என் வானத்தில், என் அன்பில், என் பாட்டில் தனியே வாழ்கிறேன் என்று முடியும். அந்தக் கடைசிச் சொற்களுக்கு அவர் குரலை எவ்வளவு மெல்லியதாக்குகிறார் என்றால், வாத்தியங்களுக்குள் அது எந்த இடத்தில் கரைந்தது என்று இன்றுவரை என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ஒரு வார்டு முழுக்க முனகல் கேட்டுவிட்டு வந்த காதுக்கு அது மருந்து.

ஷூபர்ட் நிறைய இருக்கிறது. பியானோ வாசித்த ஜெரால்ட் மூரோடு பாடியவற்றில் ஒன்றைச் சின்னவளுக்கு முதலில் கொடு. மூர் 1967இலேயே மேடைக்கு விடைசொல்லிவிட்டார். ஆனாலும் ஒலிப்பதிவுக்கு வந்து வாசித்தார். இன்னொன்று குறுந்தட்டு. பியானோ கலைஞர் கிரஹம் ஜான்சன் ஷூபர்ட்டின் தனிப்பாடல்களை எல்லாம் 37 தட்டுகளில் பதிந்து முடித்தாரே, அந்த வரிசையின் முதலாவது தட்டு பேக்கருடையது. 1987 ஒலிப்பதிவு. குரலின் ஓரம் சற்றுக் காய்ந்திருக்கிறது, மறைக்கவேண்டியதில்லை. அதற்காக ஒதுக்கிவிடாதே. சொல்லை வைக்கும் இடம் முன்னைவிடத் துல்லியம்.

மிச்சத்தை நீயே பார்த்துக்கொள். அமெரிக்க இசையமைப்பாளர் ஆர்ஜெண்டோ, வர்ஜீனியா வுல்ஃபின் நாட்குறிப்பை இவருக்கென்றே பாட்டாக்கி 1975இல் புலிட்சர் பரிசு வாங்கினார். நான் அதற்குள் இன்னும் சரியாக நுழையவில்லை.

நான் உண்மையில் எழுத வந்தது இன்னொரு தட்டைப் பற்றி. மலிவு விலைப் பதிப்பு, 1960களின் நடுவில் வந்தது, பியானோ மார்ட்டின் ஐசெப். அப்பா சந்தையில் பழைய பொருள் விற்பவரிடம் வாங்கினார். ஷூபர்ட்டும் பிராம்ஸும் அதில் உண்டு. ஆனால் எங்களுக்கு அது ஷூமானின் தட்டு. ஒரு பெண்ணின் காதலும் வாழ்வும், எட்டுப் பாட்டு. ஜெர்மன் கவிஞர் சாமிஸோவின் கவிதைகள். ஷூமான் அதற்கு இசையமைத்தது 1840 கோடையில். அந்தச் செப்டம்பரில் கிளாராவை மணந்தார். அவர் 1856இல் இறந்தபின் கிளாரா நாற்பது வருடம் தனியாக இருந்தார்.

கதை இவ்வளவுதான். ஒரு பெண் ஒருவனைப் பார்க்கிறாள். மோதிரம் வருகிறது, கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது. எட்டாவது பாட்டில் அவன் இறந்துவிடுகிறான். நீ வாசித்தால் கோபப்படுவாய், எனக்குத் தெரியும். ஓர் ஆண் எழுதிய கவிதையில் ஒரு பெண், அவனுக்கு முன்னால் தான் ஒன்றுமே இல்லை என்கிறாள். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. பேக்கர் பாடிக் கேட்டபோது அது அடங்கியது. பணிந்து கெஞ்சுகிற ஒருத்தியை அவர் பாடவே இல்லை. முதல் பாட்டில் “அவரைப் பார்த்ததிலிருந்து நான் குருடாகிவிட்டேன்” என்பதை வியப்போடு, தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். மோதிரத்தைப் பற்றிய பாட்டில் குரல் மோதிரத்தைச் சுற்றி வருகிறது. இந்தப் பெண்ணுக்குப் புத்தி இருக்கிறது, அவள் தெரிந்தே நேசிக்கிறாள் என்று நம்பவைக்கிறார்.

தட்டின் உள்ளுறையைக் கவனமாக எடு. அதில் அப்பா பென்சிலால் ஒவ்வொரு பாட்டுக்கும் தமிழ் எழுதிவைத்திருக்கிறார். ஜெர்மன் அகராதி ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துவந்து மாதக்கணக்காக எழுதினார். எட்டாவது பாட்டின் முதல் வரிக்கு அவர் எழுதியது: “இன்றுதான் முதன்முதலாய் என்னை நோகச் செய்தாய்.” அதற்குமேல் இரண்டு சொற்களை எழுதி அழித்த தடம் இருக்கிறது. “வலி தந்தாய்” என்று முதலில் போட்டிருக்கிறார், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அந்தப் பாட்டில் பேக்கர் ஏறக்குறையப் பாடுவதில்லை. ஒரே சுரத்தை ஒட்டி, பேச்சுபோல, கீழே கீழே போகிறார். இரக்கமில்லாதவனே, சாவுறக்கம் உறங்குகிறாயே என்கிறார். பிறகு, நான் எனக்குள்ளே திரும்பிப் போகிறேன், திரை விழுகிறது, அங்கே நீயும் நான் இழந்த இன்பமும் இருக்கிறீர்கள், என் உலகமே என்று நிறுத்திவிடுகிறார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் பாட்டு முடியவில்லை. பியானோ தனியே முதலாவது பாட்டின் இசையைத் திரும்ப எடுக்கிறது. அவள் அவனை முதல்முதல் பார்த்தபோது ஒலித்த அதே இசை. இந்தமுறை அதற்கு மேலே குரல் இல்லை.

மேடையில் என்றால் அவர் அவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். தட்டில் அவரைப் பார்க்க முடியாது. ஆனாலும் அவர் அங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. எப்படி என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை. அந்தக் கடைசிச் சொல்லை அவர் முடித்த விதத்தில் அது இருக்கிறது. மூடிவிடாமல் முடிக்கிறார்.

1970களில் பாரன்போய்ம் பியானோ வாசிக்க இதே எட்டையும் மறுபடி பதிவு செய்தார். அதுவும் அனுப்புகிறேன். குரல் அகன்றிருக்கிறது, வேகம் ஆறுதலாக இருக்கிறது. பெரிய கலை, சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பழையதுதான். அதில் அந்தப் பெண்ணுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. புதியதில் முதல் பாட்டிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே மாலையில் கேட்டுவிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்கு எழுது.

அப்பா போன பிறகு மூன்று வருடம் அந்தத் தட்டை நான் தொடவில்லை. உன்னிடம் இதைச் சொன்னதில்லை. அழுவேன் என்ற பயம் இல்லை, பிள்ளை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. தோட்டத்து வேலியைத் திருத்திக்கொண்டு நின்றவர், தேநீருக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. ஒருநாள் மத்தியானம், மழை, வேறு வேலை இல்லை. எடுத்துப் போட்டேன். “இன்றுதான் முதன்முதலாய் என்னை நோகச் செய்தாய்.” நாற்பது வருடமாகக் கேட்ட வரி. அது கோபமான வரி என்று அன்றுதான் கேட்டது. அதற்கு முன்பு நான் அதைச் சோகம் என்றே நினைத்திருந்தேன். பேக்கர் அந்த வயதிலேயே அதைக் கோபமாகத்தான் பாடியிருக்கிறார். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். எங்கிருந்து எடுத்தாரோ! கீறல் சத்தத்தோடு பியானோ ஓடி முடியும்வரை நானும் எழுந்துபோய் ஊசியைத் தூக்கவில்லை.

தபாலுக்கு நாளை மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுபோய்த் தருவான். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கவிடாதே, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். புதிய பெட்டியின் ஊசி கனமாக இருந்தால் பழைய தட்டைத் தின்றுவிடும், விற்ற கடையில் கேட்டுச் சரிபார்க்கச் சொல். நீரில் துடைக்க வேண்டாம்.

இன்னொன்று. சாமிஸோ எழுதியது ஒன்பது கவிதை. ஒன்பதாவதை ஷூமான் விட்டுவிட்டார், கணவனின் மரணத்தோடு முடித்துக்கொண்டார். இசைக்கு அதுதான் சரி. ஆனால் அந்த ஒன்பதாவதில் அவள் கிழவியாகிவிட்டாள். “என் மகளின் மகளே” என்று பேத்தியை அழைத்துப் பேசுகிறாள். ஷூமான் விட்டுவிட்ட அந்தக் கவிதையை நான் இந்த வாரம் தமிழில் எழுதிப் பார்த்தேன். உள்ளுறையில் அப்பாவின் எழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் இருந்தது, பென்சிலால் அங்கேயே எழுதிவிட்டேன். சின்னவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நீ வாசித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா