டைப்ஸ்கிரிப்ட்டை நிறுவினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்ட உதவும் நோட்.ஜேஎஸ்ஸில் சர்வர் நிரல் எழுதப் பழகும் மாணவி ஒருவரின் புராஜெக்ட்டை அண்மையில் பார்த்தேன். கட்டணம் 500, தாமதக் கட்டணம் 50. ரசீதில் அச்சான மொத்தமோ 50050. படிவத்திலிருந்து வந்த 500 எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக இருந்ததால், ஜாவாஸ்கிரிப்ட் அதனுடன் 50-ஐக் கூட்டாமல் ஒட்டிவிட்டது. இத்தகைய தவறுகளை முன்கூட்டியே காட்டத்தான் எண், எழுத்துச் சரம் போன்ற தரவு வகைகளை ஜாவாஸ்கிரிப்ட்டில் குறிக்க உதவும் டைப்ஸ்கிரிப்ட் மொழியை மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்டது. அந்த மாணவியும் டைப்ஸ்கிரிப்ட்டில்தான் எழுதியிருந்தார்; அப்படியும் தவறு பிடிபடவில்லை.

அவர் பயன்படுத்திய எக்ஸ்பிரஸ் என்ற நோட்.ஜேஎஸ் சர்வர் கட்டமைப்பில், பயனர் அனுப்பும் தரவு 'எனி' (எதுவாகவும் இருக்கலாம்) என்ற வகையில் வந்து சேர்வதால், டைப்ஸ்கிரிப்ட்டை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் கம்பைலர் அதைச் சோதிப்பதே இல்லை. அதை 'அன்னோன்' (வகை தெரியாதது) என்று அறிவித்திருந்தால், எண்தானா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக முடிந்திருக்காது. வகைக் குறிப்புகள் யாவும் கம்பைல் ஆகும்போதே நீங்கிவிடுகின்றன. ஆகவே வெளியிலிருந்து வரும் தரவை வாசலிலேயே சோதிக்கும் நிரலை நாம்தான் எழுத வேண்டும்.

இதைவிட என்னை வருத்துவது, பிழைச் செய்திகளைக் கண்டு மாணவர்கள் மிரள்கிறார்கள் என்று பயிற்சி வகுப்புகள் சிலவற்றில் டைப்ஸ்கிரிப்ட்டின் அமைப்புகளைக் கொண்ட டிஎஸ்கான்ஃபிக் கோப்பில், கடுமையான சோதனைக்கான 'ஸ்ட்ரிக்ட்' அமைப்பையே அணைத்து வைப்பதாகும். டேட்டாபேஸ் முகவரியை, நிரலுக்கு வெளியே சர்வரில் வைக்கப்படும் சூழல் மாறியிலிருந்து எடுக்கும் ஒரு வரியைப் பாருங்கள்: ஸ்ட்ரிக்ட் இருந்தால், அம்மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று கம்பைலர் அங்கேயே தடுக்கும், இல்லாவிட்டால், புதிய சர்வரில் ஏற்றிய பிறகுதான் முகவரி இல்லாதது தெரியவரும். பாதி வளர்ந்த புராஜெக்ட்டில் ஸ்ட்ரிக்ட்டை இயக்கினால் நூற்றுக்கணக்கான பிழைகள் ஒரே நேரத்தில் குவியும். அப்போது எவருக்கும் திருத்தும் பொறுமை இருப்பதில்லை.

நோட்.ஜேஎஸ் 23.6 பதிப்பு முதல் டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளை நேரடியாகவே ஓட்டலாம். ஆனால் அது வகைக் குறிப்புகளை நீக்கிவிட்டு ஓட்டுகிறதே தவிர எதையும் சரிபார்ப்பதில்லை. வகைகளைச் சரிபார்க்க, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை ஓட்டும் 'டிஎஸ்சி' கட்டளையைத் தனியே இயக்கியே தீர வேண்டும். நிரல் ஓடிவிட்டதால் வகைகளும் சரியென்று நம்பும் மாணவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

எனவே, ஸ்ட்ரிக்ட் இயக்கப்பட்ட தொடக்கக் கோப்பையே கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் முதல் வகுப்பில் மாணவர்களுக்குத் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிரலாக்கப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி.